நிலைப்படிக்கு அந்தப் பக்கம் பதின்மூன்றாம் நூற்றாண்டு

உயிருள்ள அருங்காட்சியகங்கள் – 9

மங்கோலியக் கூடாரத்துக்குள் நுழைகிறவர் முதலில் பழக வேண்டியது குனிவது. அடுத்தது, நிலைப்படியை மிதிக்காமல் தாண்டுவது. 1254-இல் பார்த்தலோமியோ என்ற இத்தாலியப் பாதிரியார் இந்த இரண்டாவது பாடத்தில் சறுக்கினார். பேரரசர் மோங்கே கானைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது அவர் கால் நிலைப்படியில் இடறியது. காவலர்கள் அங்கேயே பிடித்துக்கொண்டார்கள். தலைமைச் செயலரும் நீதிபதியுமான புல்காயிடம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். விவரம் சொல்ல மொழிபெயர்ப்பாளர் உடன் இல்லை என்று தெரிந்ததும் மன்னிப்பு கிடைத்தது. ஆனால் அதன் பிறகு கானின் எந்தக் கூடாரத்துக்குள்ளும் அவரை விடவில்லை. கூடப் போயிருந்த வில்லியம் ரூப்ரக் என்ற துறவி இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்.

மங்கோலியத் தலைநகர் உலான்பாதரிலிருந்து கிழக்கே சுமார் 100 கிலோமீட்டரில், மரமே இல்லாத புல்மேட்டு வெளியில் அந்த நூற்றாண்டுக்கென்றே ஒரு பூங்கா இருக்கிறது. பெயரும் அதுதான்: பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பூங்கா. சுவரும் கூரையும் போட்டு ஒரே இடத்தில் அடைத்த காட்சியகம் அல்ல. அஞ்சல் நிலையம், கைவினைஞர் முகாம், எழுத்துக்கூடம், மேய்ச்சல்காரர் முகாம், சாமியாடிகளின் முகாம், அரச முகாம் என்று ஆறு இடங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்று கண்ணுக்கு எட்டாத தூரம். வண்டியிலோ குதிரையிலோதான் போக வேண்டும்.

போகிற வழியிலேயே செங்கிஸ்கான் நிற்கிறார். சோன்ஜின் போல்டோக் என்ற இடத்தில், 250 டன் துருப்பிடிக்காத எஃகில், 40 மீட்டர் உயரத்தில், குதிரைமேல். 2008-இல் முடிந்த வேலை. சிலையையும் பூங்காவையும் உருவாக்கியது ஜென்கோ என்ற நிறுவனம். அதைத் தொடங்கிய கால்ட்மாகீன் பட்டுல்கா முன்னாள் மல்யுத்த வீரர். 2017-இல் நாட்டின் அதிபராகவும் ஆனார்.

இவ்வளவு பெரிய சிலை எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் 1962-ஐ நினைத்துக்கொள்வது நல்லது. செங்கிஸ்கான் பிறந்து 800 ஆண்டு என்று அந்த வருடம் தபால்தலை வெளியிட்டார்கள். அவர் பிறந்ததாகக் கருதப்படும் பகுதியில் ஒரு நினைவுக்கல்லும் நட்டார்கள். மங்கோலியா சோவியத் பிடியில் இருந்த காலம் அது. மாஸ்கோவுக்குப் பிடிக்கவில்லை. விழாவுக்கு முன்னின்ற, கட்சித் தலைவர்களில் ஒருவரான தோமோர்-ஒச்சிர் ‘தேசியவாதி’ என்று பதவி பறிக்கப்பட்டார். பல ஆண்டுகள் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த அவர், 1985-இல் வெட்டிக் கொல்லப்பட்டார். செங்கிஸ்கான் பெயரைச் சொல்லவே பயந்த காலம் 1990-இல் முடிந்தது. 2006-இல் பேரரசின் 800-ஆவது ஆண்டு வந்தபோது அடக்கி வைத்ததெல்லாம் ஒரேயடியாகப் பொங்கியது. பூங்கா அந்த அலையில் எழுந்தது.

முதல் நிறுத்தம் அஞ்சல் நிலையம். இங்கே பார்க்க அதிகம் இல்லை. நினைத்துப் பார்க்க நிறைய இருக்கிறது. செங்கிஸ்கானின் மகன் ஒகதேய் பேரரசு முழுவதும் விரித்த ஏற்பாடு இது. குதிரைகளும் தீவனமும் ஆளும் எப்போதும் தயாராக இருக்கும். கழுத்திலோ இடுப்பிலோ அதிகாரப் பட்டயம் தொங்கவிட்டு வருகிற தூதனுக்குக் கேள்வி கேட்காமல் புதுக் குதிரை கொடுக்க வேண்டும். பட்டயம் மரமா, வெள்ளியா, பொன்னா என்பதைப் பொறுத்து மரியாதை. கானின் ஆணை எவ்வளவு தூரம் செல்லுபடியானது என்பதற்குத் தமிழிலேயே ஒரு கல் சாட்சி இருக்கிறது. சீனத்துத் துறைமுகமான குவான்சௌவில் கிடைத்த 1281-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அது. சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் ஆணை பெற்று அங்கே சிவாலயம் எழுப்பியதைச் சொல்கிறது. அப்போது அரியணையில் இருந்தவர் குப்லாய் கான்.

எழுத்துக்கூடத்தில் வருகிறவர்களின் பெயரைத் தூரிகையால் மேலிருந்து கீழாக எழுதித் தருவார்கள். எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிற இடம். இந்த எழுத்து போர்க்களத்தில் கிடைத்த சொத்து. 1204-இல் நைமன் என்ற குலத்தாரைத் தோற்கடித்தபோது, அவர்களுடைய அரச முத்திரையைக் காத்துவந்த உய்குர் எழுத்தர் தத்ததுங்கா பிடிபட்டார். தன் பிள்ளைகளுக்கு எழுத்து கற்பிக்கும்படி செங்கிஸ்கான் அவரையே அமர்த்தினார். 1940-களில் ரஷ்யாவின் சிரிலிக் எழுத்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதனால் இங்கே பெயர் எழுதி வாங்கும் உள்ளூர்க்காரர்களிலேயே பலருக்கு அதைச் சரளமாகப் படிக்க வராது. 2025 முதல் அரசு ஆவணங்களில் இரண்டு எழுத்தும் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

கைவினைஞர் முகாமில் வில்லைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். நடுவில் மரம், வில்லாளியைப் பார்த்த பக்கம் கொம்பு, வெளிப்பக்கம் விலங்கின் தசைநார், எல்லாவற்றையும் பிடித்து வைக்கப் பசை. இழுக்கும்போது கொம்பு அமுங்கும், தசைநார் விரியும். விட்டதும் இரண்டும் சேர்ந்து அம்பைத் தள்ளும். செங்கிஸ்கானின் தம்பி மகன் யிசுங்கே 335 மார் தூரத்துக்கு அம்பு எய்தார் என்று அந்தக் காலத்துக் கல் ஒன்று சொல்கிறது. கணக்குப் பார்த்தால் அரை கிலோமீட்டருக்கு மேல். கல் இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில்.

இங்கே ஒரு நெருடல். பூங்காவில் சுத்தியல் தட்டுகிறவர் சம்பளத்துக்கு விரும்பி வந்தவர். அசல் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பட்டறை நிறையப் போர்க்கைதிகள். பிடித்த ஊரில் மற்றவர்களைக் கொன்றாலும் கைத்தொழில் தெரிந்தவர்களைத் தனியே பிரித்து ஓட்டிக்கொண்டு போவது மங்கோலியப் படையின் வழக்கம். காரகோரம் தலைநகரில் ரூப்ரக் சந்தித்த பொற்கொல்லர் கியோம் பூஷே பாரிஸ்காரர், பெல்கிரேடில் பிடிபட்டவர். பாகெத் என்ற பெண் பிரான்ஸின் மெட்ஸ் நகரத்தவள், ஹங்கேரியில் பிடிபட்டு வந்தவள். ரஷ்யத் தச்சன் ஒருவனைக் கட்டிக்கொண்டு மூன்று பிள்ளைகளோடு இருந்தாள். பட்டறையின் அழகை மட்டும் பார்த்து நகர்வது சுலபம். அதற்குள் இருந்த கண்ணீரை எந்த முகாமிலும் நடித்துக் காட்ட முடியாது.

சாமியாடிகளின் முகாம் பூங்காவிலேயே அதிகம் படமெடுக்கப்படும் இடங்களில் ஒன்று. விரிவாகச் சொல்ல ஏதும் இல்லை.

மேய்ச்சல்காரர் முகாம்தான் இந்தப் பயணத்தின் கூலி. கம்பளி விரிப்பு செய்வதை எடுத்துக்கொள்வோம். கத்தரித்த ஆட்டு மயிரைக் குச்சிகளால் அடித்துப் பஞ்சாக்குகிறார்கள். பழைய விரிப்பு ஒன்றின்மேல் அதைப் பரப்பித் தண்ணீர் தெளிக்கிறார்கள். அடியில் இருக்கும் அந்தப் பழைய விரிப்புக்குத் தாய் என்று பெயர். இரண்டையும் சேர்த்து ஒரு கழியில் இறுகச் சுருட்டித் தோலால் மூடிக் கட்டி, குதிரையின் பின்னால் புல்வெளியில் உருட்டிக்கொண்டே போகிறார்கள். உருள உருள மயிர் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. நூலும் இல்லை, தறியும் இல்லை. பிரித்தால் தடித்த புது விரிப்பு. கூடாரத்துக்கு அதுதான் சுவர்.

பக்கத்தில் வாசலோரம் தொங்குகிற தோல்பையில் அயிரக், புளித்த குதிரைப்பால். குதிரை சும்மா பால் தராது. குட்டியைக் கொண்டுவந்து முட்டவிட்டு, சுரந்ததும் குட்டியை விலக்கிப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு கறக்க வேண்டும். நம் மாட்டுத் தொழுவத்து வேலையேதான், ஆனால் ஒரு தடவைக்குக் கிடைப்பது கொஞ்சம். கோடையில் நாளெல்லாம் திரும்பத் திரும்பக் கறக்கிறார்கள். கறந்ததைப் பையில் ஊற்றி, நீளக் கட்டையால் ஆயிரக்கணக்கான தடவை கடைகிறார்கள். உள்ளே வருகிறவரும் போகிறவரும் நாலு கடை கடைந்துவிட்டுப் போவது வழக்கம். புளிப்பு, லேசான நுரை, கொஞ்சம் போதை. குடிக்கும்போது நாக்கில் சுரீர் என்கிறது, விழுங்கியபின் பாதாம்பால் ருசி நிற்கிறது என்று ரூப்ரக்கும் எழுதியிருக்கிறார். தோல்பை அயிரக் செய்முறையை 2019-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது.

இதில் விசேஷம், இவர்கள் எதையும் நடிக்கவில்லை. மங்கோலியாவின் மக்கள்தொகை சுமார் 35 லட்சம். கால்நடை 5 கோடிக்கும் மேல். பூங்கா எல்லையைத் தாண்டி அடுத்த குன்றுக்குப் பின்னால் இருக்கும் கூடாரத்திலும் இதே பை தொங்கும், இதே கட்டை கிடக்கும். அங்கே சோலார் பலகையும் மோட்டார் சைக்கிளும் கூட நிற்கும். நடுவில் எரிந்த திறந்த அடுப்பு போய், புகைக்குழாய் வைத்த இரும்பு அடுப்பு வந்திருக்கும். நுழைவுச்சீட்டு இருக்காது.

கடைசியில் அரச முகாம். பெரிய கூடாரம், தோல் விரித்த இருக்கைகள், பயணிகள் மாட்டிப் பார்க்க அரச உடைகள். சீமாட்டிகள் அணிந்த பொக்தா என்ற தலையணியும் உண்டு. மரப்பட்டையில் செய்து பட்டால் போர்த்தியது, முழ உயரம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பூங்காவின் பலவீனமான பக்கமும் இதுதான். ரூப்ரக் பார்த்த வண்டிக் கூடாரம் ஒன்றை 22 மாடுகள் இழுத்தன. சக்கரத் தடங்களுக்கு நடுவே 20 அடி. காரகோரம் அரண்மனையில் பூஷே செய்து வைத்த வெள்ளி மரத்திலிருந்து திராட்சை மது, அயிரக், தேன் மது, அரிசி மது என நாலும் நாலு குழாயில் கொட்டின. உச்சியில் எக்காளம் ஏந்திய தேவதை. அந்த ஆடம்பரத்தை வாடகை உடையால் ஈடுகட்ட முடியுமா?

அசல் அரண்மனையைத் தேடி மேற்கே 350 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். 1388-இல் சீனத்தின் மிங் படை காரகோரத்தை அழித்தது. 1586-இல் எர்தேனே சூ மடாலயம் எழுந்தபோது இடிபாட்டின் கற்கள் அதற்குப் போயின. 1940-களின் கடைசியில் சோவியத் அகழாய்வாளர் கிசெலியோவ் ஓரிடத்தைத் தோண்டி, ஒகதேயின் அரண்மனை இதுவே என்றார். ஐம்பது ஆண்டு கழித்து ஜெர்மன்–மங்கோலியக் குழு அதே இடத்தை மறுபடி தோண்டியது. கிடைத்தது அரண்மனை அல்ல, பௌத்தக் கோயில். அது எப்படித் தெரிந்தது என்பது அடுத்த வாரம்.