தேடல் பெட்டி 'இல்லை' என்றால், உண்மையிலேயே இல்லையா?

"நேற்றுதான் சார் டைப் செய்து சேமித்தேன். இன்று தேடினால் இல்லை என்கிறதே?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்கும் கேள்வி இது. பைல் எங்கும் போயிருக்காது. தேடித் தரும் வசதியைத்தான் நாம் கவனிக்காமல் விட்டிருப்போம். இதை நான் கற்றுக்கொண்டது ஓர் அம்மையாரை மூன்று முறை அலைய வைத்த பிறகுதான்.

மஞ்சள் பெட்டி

என் வீடு ஸ்ரீரங்கத்தில். தினமும் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துத் திருச்சியில் ஓர் அலுவலகத்துக்குப் போய்வந்த காலம். அங்கே 'கூகுள் சர்ச் அப்ளையன்ஸ்' என்ற கருவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. 2002-ல் கூகுள் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பளிச்சென்ற மஞ்சள் நிறப் பெட்டி. ஹார்ட்வேர், சாப்ட்வேர் இரண்டும் அதிலேயே இருக்கும். அலுவலக நெட்வொர்க்கில் இணைத்து, எந்தெந்த போல்டர்களைப் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும். இன்டர்நெட்டில் தேடுவதைப் போலவே அலுவலகக் கடிதங்களையும் கணக்குகளையும் தேடலாம். ஆயுத பூஜை அன்று நாங்கள் அதற்கும் சந்தனம், குங்குமம் வைப்போம்.

சிறிய அலுவலகங்களுக்காக 2005-ல் 'கூகுள் மினி' என்ற நீலப் பெட்டியும் வந்தது. அதன் விற்பனை 2012-ல் நின்றது. மஞ்சள் பெட்டியையும் நிறுத்தப்போவதாக 2016-ல் கூகுள் அறிவித்தது. இன்று அந்த வேலையை எலாஸ்டிக்சர்ச், அப்பாச்சி சோலர் போன்ற சாப்ட்வேர்கள் செய்கின்றன. கருவி மாறினாலும் பராமரிப்பு மாறவில்லை.

இண்டெக்ஸ் என்பது என்ன?

ஸ்ரீரங்கம் கோயில் சுவர்களில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒரு மன்னரின் பெயர் எங்கே வருகிறது என்று அறிய ஏழு பிராகாரமும் சுற்ற வேண்டாம். தொல்லியல் துறை அவற்றைத் தொகுத்து 1982-ல் ஒரு தொகுதியாக வெளியிட்டிருக்கிறது. அதைப் புரட்டினால் போதும். ஆனால் 1982-க்குப் பிறகு ஒரு கல்வெட்டு கிடைத்திருந்தால், அது சுவரில் இருக்கும். அந்தப் புத்தகத்தில் இருக்காது.

கம்ப்யூட்டர் தேடலும் இப்படித்தான். நீங்கள் ஒரு சொல்லை டைப் செய்ததும் அது எல்லா பைல்களையும் அந்த நொடியில் படிப்பதில்லை. முன்கூட்டியே படித்து, எந்தச் சொல் எந்த பைலில் உள்ளது என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கும். அதற்குத்தான் 'இண்டெக்ஸ்' என்று பெயர். விடை இந்தப் பட்டியலிலிருந்தே வருகிறது. பட்டியல் பழையதானால் விடையும் பழையதுதான்.

என்ன நடந்தது?

2011-ல் ஒரு நாள், லால்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்துக் காலமானவர். குடும்ப ஓய்வூதியத்துக்காக அவருடைய பணிப் பதிவேட்டின் நகல் வேண்டும். கவுன்ட்டரில் இருந்தவர் பெயரைத் தேடல் பெட்டியில் கொடுத்தார். ஒன்றும் வரவில்லை. "அப்படி ஒரு பதிவே இல்லையேம்மா" என்று அனுப்பிவிட்டார். அடுத்த வாரமும் அதே பதில்.

மூன்றாவது முறை வந்தபோது அவர் என் மேஜைக்கு வந்து நின்றார். "தம்பி, இருபத்தெட்டு வருஷம் இங்க உழைச்சவரு. அவரு பேரே உங்க மெஷின்ல இல்லைங்கிறாங்க."

நான் மஞ்சள் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தேன். பெட்டி எந்த ஆவணத்தைப் படித்தது, எதைப் படிக்க முடியவில்லை என்று காட்டும் அறிக்கை அதில் உண்டு. பணியாளர் போல்டருக்கு நேராக 'அனுமதி இல்லை' என்ற பிழை நான்கு மாதங்களாக வந்துகொண்டிருந்தது. சர்வரில் பாஸ்வேர்டை மாற்றியிருந்தோம். புதிய பாஸ்வேர்டைப் பெட்டிக்குச் சொல்ல மறந்துவிட்டோம். உள்ளே போக முடியாததால் அந்த ஆவணங்களைப் பெட்டி தன் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. தவறு என்னுடையது. அறிக்கையை வாரம் ஒருமுறை நான் பார்த்திருக்க வேண்டும்.

பாஸ்வேர்டைக் கொடுத்தேன். இரண்டு நாளில் பணிப் பதிவேடு தேடலில் வந்துவிட்டது. ஆனால் கணவர் தமிழில் எழுதிக் கொடுத்திருந்த வாரிசு நியமனக் கடிதம் மட்டும் வரவில்லை. அதை ஆண்டுவாரியாக ஒவ்வொரு போல்டராகத் திறந்துதான் எடுத்தேன். ஏன் வரவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பிறகு நான் கடைப்பிடித்தவை

அன்று முதல் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் மூன்று வேலைகள். முதலில் பிழை அறிக்கையைப் பார்ப்பது. அடுத்து, மொத்தம் எத்தனை ஆவணங்கள் இண்டெக்ஸில் உள்ளன என்று குறிப்பது. எண்ணிக்கை திடீரென்று குறைந்தால் ஏதோ கோளாறு. மூன்றாவதாக, விடை எனக்குத் தெரிந்த பத்துச் சொற்களைத் தேடிப் பார்ப்பது.

புதிய பதிப்பு சாப்ட்வேர் வரும்போதும் இந்தப் பத்துச் சொற்கள்தான் கைகொடுத்தன. மஞ்சள் பெட்டியில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. புதிய பதிப்பை நிறுவினாலும் பழையது உடனே அழியாது. பழையது அலுவலகத்துக்கு விடை தந்துகொண்டிருக்கும்போதே புதியதைச் சோதித்துப் பார்க்கலாம். திருப்தி என்றால் ஏற்கலாம். இல்லையென்றால் பழையதற்கே திரும்பலாம். அப்டேட் செய்வதற்கு முன் செட்டிங்குகளைத் தனி பைலாக எடுத்து வைத்துவிடுவேன்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில்

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிலும் இதே போன்ற இண்டெக்ஸ் உள்ளது. கீழ்க்கண்டவற்றை ஒருமுறை செய்து பாருங்கள்.

1. கன்ட்ரோல் பேனலில் 'இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்' என்பதைத் திறந்திடவும். எத்தனை பைல்கள் இண்டெக்ஸ் ஆகியுள்ளன, வேலை முடிந்ததா என்று மேலேயே காட்டும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. எந்த போல்டர்கள் பட்டியலில் உள்ளன என்று பாருங்கள். நம்மில் பலர் பைல்களை டி டிரைவில் சேமிக்கிறோம். நாம் சொல்லாவிட்டால் விண்டோஸ் பொதுவாக அதை இண்டெக்ஸ் செய்வதில்லை. 'மாடிபை' பட்டனை அழுத்தி, உங்கள் போல்டருக்கு டிக் செய்திடவும்.

3. 'அட்வான்ஸ்டு' அழுத்தி, 'பைல் டைப்ஸ்' டேபுக்குச் செல்லவும். நீங்கள் பயன்படுத்தும் பைல் வகைகளுக்கு, பெயரை மட்டுமல்லாமல் உள்ளே இருப்பதையும் படிக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுக்கவும்.

4. இதற்குப் பிறகும் விடைகள் தவறாக வந்தால், அதே 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'ரீபில்ட்' பட்டன் உள்ளது. பழைய பட்டியலை நீக்கிவிட்டுப் புதிதாக எழுதும். உங்கள் பைல்களுக்கு ஒன்றும் ஆகாது. பைல்கள் அதிகம் என்றால் பல மணி நேரம் ஆகலாம். இரவில் ஓட விடுவது நல்லது.

5. ஐந்து பைல்களின் பெயரையும் அவற்றில் உள்ள ஒரு சொல்லையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். விண்டோஸ் பெரிய அப்டேட் செய்த பிறகு அந்த ஐந்தையும் தேடிப் பாருங்கள்.

ஸ்கேன் செய்த ரேஷன் கார்டு, பத்திரம் போன்றவை வெறும் படங்கள். அவற்றின் உள்ளே இருக்கும் எழுத்துகள் தேடலில் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். 'ஸ்கேன் 1', 'ஸ்கேன் 2' என்று விடாமல், 'அப்பா ஓய்வூதிய ஆணை 2008' என்பதுபோல் பெயர் கொடுங்கள்.

தமிழ் பைல்கள் வைத்திருப்போருக்கு

அந்த வாரிசு நியமனக் கடிதம் பாமினி எழுத்துருவில் டைப் செய்யப்பட்டது. பாமினியில் நம் கண்ணுக்குத் தெரியும் 'அ', கம்ப்யூட்டருக்கு ஆங்கிலத்தின் சிறிய 'எம்' எழுத்துதான். 'அம்மா' என்று நாம் படிப்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று பதிவாகியிருக்கும். யூனிகோடில் 'அம்மா' என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்?

ஆகவே பழைய தமிழ் பைல்களை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். என்.எச்.எம். கன்வர்டர் போன்ற சாப்ட்வேர்கள் இதற்கென்றே உள்ளன. மாற்றிய பிறகும் பழைய பைலை அழிக்காதீர்கள். இரண்டையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த அம்மாவுக்கு நகல் கிடைத்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, கடிதத்தில் இருந்த கணவரின் கையொப்பத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்குப் பின் எங்கள் கவுன்ட்டரில் "இல்லை" என்று சொல்லும் வழக்கத்தை நிறுத்திவிட்டோம். "தேடலில் வரவில்லை, போல்டரில் பார்த்துச் சொல்கிறேன்" என்போம். உங்கள் கம்ப்யூட்டர் 'இல்லை' என்று சொன்னாலும் இண்டெக்ஸை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.