பரிசுப் பட்டியலுக்கு முன் சட்டக் கோவை: இணையவழிக் காரோட்ட லீக் நடத்துவது எப்படி?

கடைக்கு வந்து அனுசரணை கேட்கும் இளைஞர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். உதைபந்தாட்டத்துக்கு ஜேர்ஸி, கிரிக்கெட்டுக்குக் கிண்ணம் என்று வருடா வருடம் கொடுத்துத்தான் வருகின்றோம். இப்போது இன்னொரு கோரிக்கையும் சேர்ந்திருக்கின்றது. "சிம் ரேஸிங் லீக் ஒன்று நடத்தப் போகின்றோம் நானா, உங்கள் கடைப் பெயரைக் காரில் போடுகின்றோம்" என்கின்றார்கள். விளங்காமல் பணம் கொடுப்பதும் சரியல்ல, விளங்காமல் விரட்டிவிடுவதும் சரியல்ல. எனவே இந்த வாரம் இதைப் பற்றிப் பார்ப்போம்.

சிம் என்றதும் கைத்தொலைபேசியில் போடும் அட்டை என்று நினைத்துவிட வேண்டாம். சிமியுலேட்டர் என்பதன் சுருக்கமே அது. கணனிக்கு முன்னால் ஸ்டியரிங்கும் மிதிகளும் பூட்டிக்கொண்டு, உண்மையான ஓடுபாதைகளைப் போலவே அமைக்கப்பட்ட பாதைகளில், உண்மையான கார்களின் எடையையும் டயரின் பிடியையும் கணக்கிட்டு ஓடும் மென்பொருளில் போட்டியிடுவது. அமெரிக்காவில் டேவ் கேமரும் ஜோன் ஹென்றியும் 2004ஆம் ஆண்டு ஆரம்பித்த நிறுவனத்தின் ஐரேஸிங் என்ற மென்பொருள் 2008இல் பாவனைக்கு வந்தது. இந்த ஹென்றி, லிவர்பூல் உதைபந்தாட்டக் கழகத்தின் பிரதான உரிமையாளர் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தவர்தான். பணம் படைத்தவர்கள் இதை விளையாட்டுப் பொருளாக மாத்திரம் பார்க்கவில்லை.

2020 மார்ச் மாதத்தில் கொவிட் காரணமாகப் பந்தயங்கள் நின்றபோது, அமெரிக்காவின் நாஸ்கார் அமைப்பு தனது சாரதிகளை வீட்டிலிருந்தே ஐரேஸிங்கில் ஓட வைத்தது. மார்ச் 22ஆம் திகதி நடந்த முதலாவது போட்டியைத் தொலைக்காட்சியில் சுமார் 9 இலட்சம் பேர் பார்த்தார்கள். டயர் தேயவில்லை, எரிபொருள் செலவில்லை, ஆனால் பார்வையாளர் வந்தார்கள்.

இனி லீக் நடத்தும் முறைக்கு வருவோம்.

முதலாவது, மென்பொருளைத் தெரிவு செய்தல். ஐரேஸிங்கில் சந்தா கட்ட வேண்டும், சேர்வர் அவர்களுடையது. இத்தாலியின் குனோஸ் நிறுவனம் 2019இல் வெளியிட்ட அசெட்டோ கோர்ஸா கொம்பெட்டிட்ஸியோனே போன்றவற்றை ஒருமுறை வாங்கினால் போதும், ஆனால் லீக்குக்கான சேர்வரை நாமே நடத்த வேண்டும் அல்லது வாடகைக்கு எடுக்க வேண்டும். சேர்வர் தூரத்தில் இருந்தால் கார்கள் விட்டு விட்டுத் தெரியும், தொடாத காரும் தொட்டது போல் மோதும். ஆகவே ஓடுபவர்களில் பெரும்பாலானோருக்குக் கிட்டிய நாட்டில் சேர்வர் எடுப்பதே முறை.

இரண்டாவது, நாட்காட்டி. ஒரே கிழமை, ஒரே நேரம். 6 முதல் 8 சுற்றுகள் போதும். ஆரம்பத்தில் 25 பேர் பெயர் கொடுப்பார்கள், நான்காவது சுற்றில் பாதிப் பேரைக் காண முடியாது. இதைக் குறைக்க, ஒவ்வொருவரின் மோசமான ஒரு சுற்றைக் கழித்துவிட்டுப் புள்ளிகளைக் கூட்டுவது நல்ல வழி. ஒரு நாள் வர முடியாதவர் தொடரையே கைவிட மாட்டார்.

மூன்றாவது, சட்டக் கோவை. உண்மையில் லீக் என்பது இதுதான். மென்பொருள் எல்லோரிடமும் இருக்கின்றது. வெறுமனே ஓடுவதற்கு யாரும் யாரிடமும் போக வேண்டியதில்லை. மோதினால் யார் பிழை என்று நியாயமாகச் சொல்வதற்கு ஒருவர் இருக்கின்றார் என்பதற்காகவே லீக்குக்கு வருகின்றார்கள். நாம் விற்கும் சரக்கு அந்தத் தீர்ப்பு.

எனவே, நடுவர் அந்தப் போட்டியில் ஓடக்கூடாது. தராசைப் பிடிப்பவனே சரக்கையும் வாங்குபவனாக இருந்தால் யார் நம்புவார்? முறைப்பாடு எத்தனை மணி நேரத்துக்குள், எந்த வடிவில் வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுத வேண்டும். ஒவ்வொரு ஓட்டமும் பதிவாகும் என்பதால் சாட்சிக்குக் குறைவில்லை. தண்டனைகளையும் எழுதி வைக்க வேண்டும்: இன்ன தவறுக்கு 5 வினாடி, இன்னதற்குப் புள்ளிக் குறைப்பு, இன்னதற்கு ஒரு சுற்றுத் தடை. தீர்ப்பைக் காரணத்துடன் எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும்.

இந்தச் சட்டங்கள் ஏன் தேவை என்பதற்குப் பெரிய இடங்களிலேயே உதாரணங்கள் உள்ளன. 2020 மே மாதம் போர்முலா ஈ நடத்திய இணையவழிப் போட்டியில் ஜேர்மன் சாரதி டானியல் அப்ட்டின் பெயரில் வேறொருவர் ஓடி மூன்றாம் இடம் பிடித்தார். விடயம் வெளிவந்ததும் அப்ட்டுக்குப் போட்டித் தடையும், தர்மப் பணிக்கு 10,000 யூரோ செலுத்தும் தண்டமும் விதிக்கப்பட்டன, அவுடி நிறுவனமும் அவரை இடைநிறுத்தியது. ஓடுபவர் யார் என்று உறுதி செய்வதற்கு ஒரு வழி சட்டக் கோவையில் இருந்தே ஆக வேண்டும்.

2023 ஜனவரியில் இணையவழி லு மான் 24 மணி நேரப் போட்டியின்போது சேர்வர் கோளாறினால் ஓட்டம் இரண்டு முறை நிறுத்தப்பட்டது. முன்னணியில் இருந்த போர்முலா வன் சம்பியன் மெக்ஸ் வெர்ஸ்டப்பனின் கார் இணைப்பு அறுந்து பின்தங்கியது. அவர் பகிரங்கமாகச் சாடிவிட்டுப் போட்டியிலிருந்து விலகினார். எவ்வளவு பணம் போட்டாலும் இணைப்பு அறும். அறுந்தால் என்ன செய்வது, பாதி தூரம் முடியுமுன் நின்றால் புள்ளி உண்டா இல்லையா என்பதை ஓட்டத்துக்கு முன் எழுதியவன் தப்புவான். பின்னர் எழுதுபவன் எதை எழுதினாலும் பக்கச்சார்பு என்றே பேர்.

நான்காவது, பணம். நுழைவுக் கட்டணங்களைச் சேர்த்து அதையே வென்றவருக்குக் கொடுப்பதைப் பலர் செய்கின்றார்கள். அது சூதாட்டத்தின் சாயலுக்குள் போய்விடக்கூடும், ஐயமிருந்தால் உலமாக்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது. சேர்வர், ஒளிபரப்புச் செலவுக்கு மாத்திரம் சிறு கட்டணம், பரிசு அனுசரணையாளரிடமிருந்து என்று பிரித்து வைத்தால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது, கணக்கும் தெளிவாக இருக்கும். அந்தக் கணக்கைத் தொடர் முடிந்ததும் ஓடியவர்கள் எல்லோருக்கும் காட்ட வேண்டும்.

ஐந்தாவது, நமது பெயர். திரையில் ஓடும் காரில் கடைப் பெயரைப் போடப் பெயின்ட் செலவு கூட இல்லை, மலிவான விளம்பரம். ஆனால் அந்தக் காரில் இருப்பவரின் வாயும் கோபமும் சேர்ந்தே ஒளிபரப்பாகின்றன. 2020 ஏப்ரலில் பப்பா வொலஸ் என்ற நாஸ்கார் சாரதி, மோதல் ஒன்றில் கோபமடைந்து பாதியிலேயே விளையாட்டை மூடிவிட்டுப் போனார். வலி நிவாரணத் தைலம் விற்கும் அவரது அனுசரணை நிறுவனம் உடனேயே அவரைக் கைவிட்டது. அதே மாதத்தில் கைல் லார்சன் இணைய ஓட்டம் ஒன்றில் இன இழிவுச் சொல்லைப் பேசி, உண்மையான பந்தயத் தொழிலையே இழந்தார். 2021இல்தான் அவர் திரும்ப வந்து சம்பியனானார். பேச்சொழுக்கத்துக்கும் சட்டக் கோவையில் ஓர் இடம் வேண்டும்.

ஆகவே, அனுசரணை கேட்டு வரும் பிள்ளைகளை உட்கார வைத்து, முதலாம் பரிசு எவ்வளவு என்று கேட்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நடுவர் யார்? சேர்வர் நின்றால் என்ன செய்வீர்கள்? மிஞ்சும் பணம் எங்கே போகும்? எழுத்தில் பதில் கொண்டு வருபவர்களுக்குத் தாராளமாகக் கொடுங்கள். கொண்டு வராதவர்களைத் திட்டி அனுப்ப வேண்டாம். ஒரு வாரத் தவணை கொடுத்து, எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அந்த ஒரு வாரத்தில் அவர்கள் கற்றுக்கொள்வது, நாளை சொந்தமாக ஒரு கடை திறக்கும்போதும் உதவும்.