பழைய கம்ப்யூட்டருக்கு என்ன விலை சொல்வது?

புதிய கம்ப்யூட்டர் வாங்கி மேஜையில் வைத்துவிட்டீர்கள். பழையது துணி போர்த்தி மூலையில் இருக்கிறது. "வாங்கியபோது முப்பத்தைந்தாயிரம். பாதி விலைக்காவது போகாதா?" என்று வீட்டில் ஒருவர் சொல்கிறார். "பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாம்" என்று இன்னொருவர் சொல்கிறார். இரண்டுமே தவறான விலை. சரியான விலை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் முறையை இங்கு பார்ப்போம். விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் இருந்து விற்பவர்களுக்கு இது சென்னைக்காரர்களின் கணக்கிலிருந்து சற்று மாறுபடும். ஏன் என்பதையும் பார்க்கலாம்.

ஏலம் நமக்குப் புதிதல்ல

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மணிலா மூட்டை கொண்டு போனவர்களுக்கு ஏலம் நன்றாகத் தெரியும். வியாபாரிகள் கையில் நாலு பயறை எடுத்து உடைத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொருவரும் தன் விலையைத் தனித்தனியே எழுதிக் கொடுப்பார்கள். இதுதான் மறைமுக ஏலம். அதிக விலை எழுதியவருக்குச் சரக்கு. அந்த விலையும் கட்டாது என்றால் விவசாயி விற்க மறுத்துவிடலாம்.

இன்டர்நெட் ஏலமும் அடிப்படையில் இதுதான். அமெரிக்காவில் 1995-ல் பியர் ஒமிட்யார் என்பவர் தொடங்கிய தளமே பின்னாளில் இபே ஆனது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு பாஸி.காம் வந்தது. 2004-ல் இபே நிறுவனம் அதைச் சுமார் 5 கோடி டாலருக்கு வாங்கி, இபே இந்தியா என்று நடத்தியது. பணத்தை நடுவில் நிறுத்தி வைத்து, பொருள் கைக்கு வந்த பின் விற்றவருக்குக் கொடுக்கும் பைசாபே என்ற வசதியும் அதில் இருந்தது. 2017-ல் இபே இந்தியா ஃபிளிப்கார்ட் வசம் போனது. 2018 ஆகஸ்டில் அந்தத் தளம் மூடப்பட்டது.

இன்று நம் ஊர் வீட்டு உபயோகிப்பாளர்கள் பெரும்பாலும் ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்ற இடங்களில்தான் விற்கிறார்கள். அங்கே கடிகாரம் வைத்த ஏலம் கிடையாது. நீங்கள் ஒரு விலை போடுவீர்கள். நாலு பேர் நாலு விலைக்குக் கேட்பார்கள். இதுவும் ஒரு வகை ஏலமே. எனவே ஏலத்தின் கணக்கு தெரிந்தவர் இங்கும் ஏமாற மாட்டார்.

விலையைத் தீர்மானிப்பவர் இரண்டாமவர்

இபே ஏலத்தில் ஒரு வசதி உண்டு. வாங்க விரும்புபவர் தன்னால் முடிந்த உச்ச விலையை ரகசியமாகக் கொடுத்துவிடலாம். மற்றவர்கள் விலையை ஏற்ற ஏற்ற, தளமே அவர் சார்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கொண்டு போகும்.

ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் கம்ப்யூட்டருக்கு ஆரம்ப விலை 3,000 ரூபாய். ஒருவர் 9,000 வரை தரத் தயார். இன்னொருவர் 7,000 வரை தரத் தயார். ஏலம் எங்கே நிற்கும்? 9,000-ல் அல்ல, 7,000-க்குச் சற்று மேலே நின்றுவிடும். இரண்டாமவர் விலகியதும் முதலாமவருக்குப் போட்டி இல்லை. அந்த இரண்டாமவர் வரவே இல்லை என்றால்? கம்ப்யூட்டர் 3,000 ரூபாய்க்கே போய்விடும்.

இதை நன்றாக மனதில் வையுங்கள். கேட்பவர்கள் பலர் இருந்தால் ஆரம்ப விலை குறைவாக இருக்கலாம். போட்டியே விலையை ஏற்றிவிடும். கேட்பவர் ஒருவரோ இருவரோ என்றால், நீங்கள் போட்ட விலைதான் உங்களுக்குக் காவல். சென்னையில் ஒரு விளம்பரத்துக்குப் பத்து பேர் வரலாம். திண்டிவனத்தில் இரண்டு பேர் வந்தாலே அதிகம். எனவே "குறைந்த விலையில் ஆரம்பித்தால் தானாக ஏறும்" என்ற யோசனை சிறிய ஊர்களில் கையைச் சுடும்.

வாங்கிய விலையை மறந்துவிடுங்கள்

வாங்குபவருக்கு உங்கள் பழைய பில் தேவையில்லை. இன்று அதே வேலையைச் செய்யும் கம்ப்யூட்டர் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதே அவருடைய கேள்வி. நீங்கள் முப்பத்தைந்தாயிரம் கொடுத்தது உண்மைதான். அதில் பெரும்பகுதியை இத்தனை வருடம் பயன்படுத்தியே தீர்த்துவிட்டீர்கள்.

முதல் வேலை: என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து சிஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ப்ராசசர் பெயரும் ராம் அளவும் தெரியும். இன்டெல் கோர் வரிசை என்றால் நடுக்கோட்டுக்குப் பின் வரும் எண்ணைக் கவனியுங்கள். ஐ5-6500 என்றால் 6-ஆம் தலைமுறை. ஐ5-8400 என்றால் 8-ஆம் தலைமுறை. ஐ5-10400 என்றால் 10-ஆம் தலைமுறை.

இந்த எண்ணுக்கு இப்போது தனி மதிப்பு வந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை முதல் தேவை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஆகவே 7-க்கும் 8-க்கும் இடையில் வேகத்தில் உள்ள வித்தியாசத்தைவிட விலையில் உள்ள வித்தியாசம் பெரிதாக இருக்கலாம். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பிசி ஹெல்த் செக் என்ற புரோகிராமை இயக்கினால், உங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று அதுவே சொல்லிவிடும். ஏற்கும் என்றால் விளம்பரத்தின் முதல் வரியிலேயே அதை எழுதுங்கள்.

அடுத்து, ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா என்று பாருங்கள். எஸ்எஸ்டி இருந்தால் கூடுதல் விலை கேட்கலாம். லேப்டாப் என்றால், சார்ஜர் இல்லாமல் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று ஒருநாள் ஓடவிட்டுக் குறித்துக் கொள்ளுங்கள். ராம் விஷயத்தில் ஒரு சேதி. 2025 கடைசியில் உலக அளவில் ராம் சிப் விலை வேகமாக ஏறியது. எனவே பழைய ராம் தானே என்று அலட்சியம் வேண்டாம். அதே ரக ராமின் அன்றைய விலையைப் பார்த்துவிட்டுக் கணக்கிடுங்கள்.

சொல்லும் விலை வேறு, விற்ற விலை வேறு

இபே தளத்தில் முடிந்த ஏலங்களைத் தனியே பார்க்கலாம். எந்தப் பொருள் உண்மையில் என்ன விலைக்கு விற்றது என்று அதில் தெரியும். விளம்பரத் தளங்களில் அது தெரியாது. அங்கே இருப்பதெல்லாம் விற்பவரின் ஆசை.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. உங்களுடையதைப் போன்ற நாலைந்து கம்ப்யூட்டர்களின் விளம்பரங்களை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, பத்து நாள் கவனியுங்கள். பத்தாவது நாளும் அப்படியே இருக்கும் விளம்பரத்தின் விலை, யாரும் தராத விலை. மூன்று நாளில் காணாமல் போன விளம்பரத்தின் விலை, பெரும்பாலும் சந்தை ஏற்ற விலைக்கு அருகில் இருக்கும். தேடும்போது ஊரை முதலில் விழுப்புரம் என்று வைத்துப் பாருங்கள். பிறகு புதுச்சேரி, பிறகு சென்னை என்று மாற்றிப் பாருங்கள்.

தூரத்துக்கும் விலை உண்டு

விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி மூன்றும் ஒரு முக்கோணம். எந்த இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். இரு சக்கர வண்டியில் வந்து பார்த்து வாங்கிப் போகிற தூரம். உங்கள் உண்மையான சந்தை இதுதான். விளம்பரத்தை உள்ளூரோடு நிறுத்தாமல் புதுச்சேரிக்காரர் கண்ணிலும் படும்படி செய்தால், அந்த "இரண்டாமவர்" கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது.

சென்னை அப்படியல்ல. திண்டிவனத்திலிருந்து சுமார் 125, விழுப்புரத்திலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். அங்கிருந்து ஒருவர் வந்து வாங்குவதானால் போக்குவரத்துச் செலவையும் ஒருநாள் அலைச்சலையும் உங்கள் விலையில் கழிப்பார். அங்கே ரிச்சி தெருவில் பழைய கம்ப்யூட்டர்களைப் பத்துக் கடை ஏறிப் பார்க்க முடியும்போது, சென்னை விலையையே நீங்களும் கேட்டால் அவர் ஏன் வர வேண்டும்?

இபே இந்தியா காலத்திலும் இந்தச் சிக்கல் இருந்தது. 17 அங்குல பழைய குழாய் மானிட்டர் சுமார் 15 கிலோ கனக்கும். கூரியர் செலவும் உடையும் பயமும் சேர்ந்து மானிட்டரின் விலையையே தின்றுவிடும். இன்றைக்கும் அதே புத்திதான். மானிட்டரையும் யுபிஎஸ்ஸையும் உள்ளூரில் விற்றுவிட்டு, சிபியு பெட்டியை மட்டும் வெளியூருக்கு விற்கலாம். லேப்டாப்புக்கு இந்தக் கவலை குறைவு.

மூன்று விலைகளை எழுதிக் கொள்ளுங்கள்

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். கீழே உள்ளவை கணக்குக்காகச் சொல்லும் எண்கள். இன்றைய சந்தை விலை அல்ல.

நீங்கள் கவனித்த விளம்பரங்களில் சீக்கிரம் மறைந்தவற்றின் விலை 12,000 என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் எஸ்எஸ்டி இருந்தது, உங்களுடையதில் இல்லை. அதற்கு 2,000 கழியுங்கள். வருபவரின் பயணச் செலவுக்கு 500 கழியுங்கள். மீதம் 9,500. இது எதிர்பார்ப்பு விலை.

அடுத்து உள்ளூர் கம்ப்யூட்டர் கடையில், "இதை உடனே எடுத்துக் கொண்டால் என்ன தருவீர்கள்?" என்று கேளுங்கள். 6,000 என்கிறார். விளம்பரம், போன், பேரம் ஆகிய தொந்தரவுகளுக்கு 500 சேருங்கள். 6,500. இது கடைசி விலை. இதற்குக் கீழே யாராவது கேட்டால் கடைக்கே கொடுத்துவிடலாம். இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். விற்பனைக்கூடத்தில் விவசாயி விற்க மறுக்கும் உரிமை இதுதான்.

மூன்றாவது விளம்பர விலை. நம் ஊரில் பேரம் பேசாமல் யாரும் வாங்குவதில்லை. எதிர்பார்ப்பு விலையோடு பத்து சதவீதம் போல் சேர்த்து 10,500 என்று போடலாம். 15,000 என்று போட்டால் பேரம் பேசவே ஆள் வராது.

ஒரு வாரத்தில் உருப்படியாக யாரும் கேட்கவில்லையா? 9,500-க்கு இறக்குங்கள். இன்னொரு வாரம் கழித்து 8,500. மூலையில் கிடக்கும் கம்ப்யூட்டர் மாதாமாதம் வயதாகிக் கொண்டே இருக்கிறது. ஆறு மாதம் காத்திருந்து நல்ல விலை பெற்றவர்கள் குறைவு.

குறையைச் சொன்னால் விலை குறையுமா?

குறையும். ஆனால் ஒருமுறைதான் குறையும். மறைத்தால், 40 கிலோமீட்டர் வந்து பார்த்தவர் கோபத்தில் இரண்டு மடங்கு குறைப்பார். அல்லது திரும்பிப் போய்விடுவார். ஒமிட்யாரின் தளத்தில் முதலில் விற்றதாகச் சொல்லப்படும் பொருள், ஓர் உடைந்த லேசர் பாயின்டர். 14.83 டாலருக்குப் போனது. வாங்கியவர் உடைந்த லேசர் பாயின்டர்களைச் சேகரிப்பவராம். உடைந்ததற்கும் ஆள் உண்டு, உடைந்தது என்று சொல்லிவிட்டால்.

எனவே யுஎஸ்பி போர்ட் ஒன்று வேலை செய்யவில்லை என்றால் எழுதிவிடுங்கள். கம்ப்யூட்டர் ஓடிக் கொண்டிருக்கும் நிலையில் போட்டோ எடுத்துப் போடுங்கள். பில் இருந்தால் அதையும் காட்டுங்கள். அது திருட்டுப் பொருள் அல்ல என்பதற்குச் சான்று. அரசு இலவசமாகத் தந்த லேப்டாப்பாக இருந்தால் விற்கும் எண்ணமே வேண்டாம். வீட்டில் படிக்கும் இன்னொரு பிள்ளைக்குக் கொடுங்கள்.

கைமாறும் முன்

நீங்கள் பேசி வாங்கிய இரண்டாயிரம் ரூபாயைவிட உங்கள் போட்டோக்களும் வங்கி விவரங்களும் பெரியவை. தேவையான பைல்களை வேறு இடத்தில் காப்பி செய்யுங்கள். பிறகு செட்டிங்ஸில் ரிகவரி பிரிவுக்குப் போய், ரீசெட் திஸ் பிசி என்பதில் ரிமூவ் எவ்ரிதிங் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே டிரைவை முழுதாகத் துடைக்கும் க்ளீன் டேட்டா வசதியும் இருக்கும். அதையும் ஆன் செய்யுங்கள். நேரம் பிடிக்கும், இரவில் ஓடவிடுங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் டிஸ்க்கை நீங்களே கழற்றி வைத்துக் கொண்டு, அதன் விலையைக் குறைத்துவிடுங்கள்.

பார்க்காமலேயே முழு விலைக்கு ஒப்புக்கொண்டு, "க்யூஆர் கோடு அனுப்புகிறேன், ஸ்கேன் செய்தால் பணம் வரும்" என்பவரை நம்பாதீர்கள். பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் நம்பர் போடவும் வேண்டாம். அப்படிச் செய்தால் போவது உங்கள் பணம். ஆளை நேரில் வரச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரை அவர் முன்னால் ஓடவிட்டுக் காட்டுங்கள். வங்கிக் கணக்கில் பணம் ஏறியதை நீங்களே பார்த்த பிறகு வயரைக் கழற்றுங்கள்.

கூடவே அந்தப் பழைய கீபோர்டையும் மவுஸையும் கட்டிக் கொடுத்துவிடுங்கள். வாங்குபவர் வீட்டில் அதுதான் முதல் கம்ப்யூட்டராக இருக்கக்கூடும்.