இல்லத்தில் ஒரு பீடம்

மயிலாப்பூரில் ‘காட்டுக் கோவில்’ என்று முதியோர் வழங்கும் பிரகாச மாதா ஆலயம் 1516-ஆம் ஆண்டைச் சார்ந்தது. கடலில் திசை தெரியாது தத்தளித்த போர்த்துக்கீசிய மாலுமிகள் கரையில் ஓர் ஒளியைக் கண்டு வந்து சேர்ந்தனர் என்றும், அவ்வொளி மறைந்த இடத்திலேயே அன்னைக்கு ஆலயம் எழுந்தது என்றும் வழிவழிச் செய்தி கூறுகிறது. அன்று காடாயிருந்த லஸ் பகுதி இன்று சந்தடி மிக்க கடைவீதி. ஆனால் திசை தெரியாது தவிக்கும் குடும்பங்கள் இன்றும் இல்லாமற் போகவில்லை. அவற்றிற்குத் தம் வீட்டிற்குள்ளேயே ஒரு சிறு ஒளி வேண்டாமா?

ஆதித் திருச்சபையின் வழக்கம்

இல்லத்தில் இறைவனுக்கு இடம் ஒதுக்குவது புதிய வழக்கமன்று. கோவில்கள் கட்டப்படுமுன் கிறிஸ்தவர்கள் வீடுகளிலேயே கூடி அப்பம் பிட்டார்கள் என்று அப்போஸ்தலர் பணி நூல் சான்று பகர்கிறது. பிரிஸ்கா, அக்குவிலா என்ற தம்பதியரின் வீட்டில் கூடிய சபைக்குப் புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் வாழ்த்துக் கூறுகிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் குடும்பத்தை ‘இல்லத் திருச்சபை’ என்று அழைத்தது. 1981-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் குடும்பத்தைப் பற்றி எழுதிய அறிவுரை மடலில் இதனையே விரித்துரைத்தார். 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி ஏடும், திருமறை நூலும் திருவுருவங்களும் கொண்ட செப மூலை ஒன்றை வீட்டில் அமைத்துக்கொள்ளுதல் நன்று என்கிறது.

நாம் ‘பீடம்’ என்று அன்போடு அழைப்பது திருப்பலி நிறைவேறும் பலிபீடம் அன்று. அதன் நினைவுச் சின்னமே. ஞாயிறன்று கோவிலில் பெறும் அருளை வாரம் முழுவதும் வீட்டில் காத்துக்கொள்ளும் இடம் அது.

பரணிலிருந்து இறங்கிய பீடம்

நாம் அறிந்த குடும்பம் ஒன்று. சாந்தோமில் கூட்டுக் குடும்பமாய் இருந்தபோது அவர்கள் கூடத்தில் தேக்கு மரப் பீடமொன்று இருந்தது. அண்ணன் தம்பியர் மனத்தாங்கலால் பிரிந்தனர். தியாகராயநகர் அடுக்குமாடிக் குடியிருப்பில் குடியேறிய இளையவர், தாயாரோடு பீடத்தையும் கொண்டுவந்தார். ஆனால் கூடத்துச் சுவரைத் தொலைக்காட்சிப் பெட்டி பிடித்துக்கொண்டது. பீடம் பரணுக்குச் சென்றது. தாயார் கட்டில் ஓரத்தில் தனியே செபமாலை சொல்லி வந்தார்.

2020-ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. கோவில் கதவுகள் அடைபட்டன. ஏப்ரல் 5-இல் குருத்து ஞாயிறு. தொலைக்காட்சியில் திருப்பலி தொடங்கியபோது பத்து வயதுப் பேத்தி, “நாம் எங்கே முழந்தாளிடுவது, ஆச்சி?” என்று கேட்டாள். அன்று மாலையே பீடம் பரணிலிருந்து இறங்கியது. தூசி துடைத்துப் பாடுபட்ட சுரூபத்தை நிறுத்தி, மெழுகுதிரி ஏற்றிய பின் தாயார் மகனிடம் சொன்னது இது: “தம்பி, முதலில் அண்ணனிடம் பேசிவிட்டு வா. பிறகு செபம் தொடங்குவோம்.”

காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு சமாதானமாகு என்று ஆண்டவர் மலைப் பொழிவில் கற்பித்ததை அத்தாய் மறக்கவில்லை. ஆறு ஆண்டுகளாகப் பேசாதிருந்த சகோதரர்கள் அன்றிரவு தொலைபேசியில் பேசினர். பீடத்தின் பயன் யாதென இதைவிடத் தெளிவாக நம்மால் எடுத்துரைக்க இயலாது.

அமைப்பது எவ்வாறு?

பெரிய இடம் தேவையில்லை. அடையாற்றின் சிறு வீட்டிலும் சுவரில் ஒரு பலகை போதும். எல்லோரும் கூடும் அறையில், சிறுவர் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் அமையட்டும். நடுவில் பாடுபட்ட சுரூபம், அதன் முன் திறந்து வைத்த திருமறை நூல், அருகில் தேவதாயின் சுரூபம் அல்லது திருஇருதயப் படம், ஒரு விளக்கு, சிறு குப்பியில் தீர்த்தம், இவை போதுமானவை. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா ஆலயத்திற்குச் செல்லும்போதெல்லாம் ஒரு சுரூபம் வாங்கி அடுக்கினால், பீடம் கடை அலமாரியாகிவிடும். மறைந்த பெற்றோரின் படத்தைப் பக்கத்துச் சுவரில் மாட்டலாம். பீடத்தின் நடுவிடம் ஆண்டவருக்கே உரியது.

விரிப்பின் நிறம் திருவழிபாட்டுக் காலத்தோடு மாறட்டும்: திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் ஊதா, கிறிஸ்து பிறப்புக்கும் பாஸ்காவுக்கும் வெண்மை, நம் மண்ணில் இரத்தம் சிந்திய புனித தோமையாரின் திருநாளாகிய ஜூலை 3-இல் சிவப்பு. ஏன் இந்த மாற்றம் என்று குழந்தைகள் கேட்பார்கள், அதுவே மறைக்கல்வி. விளக்கைத் திரைச்சீலைக்கு அருகே வைக்காதீர்கள். எரியவிட்டு வெளியே செல்லாதீர்கள். பங்குக் குருவை அழைத்துப் பீடத்தை மந்திரித்துக்கொள்ளுங்கள். உடைந்த சுரூபங்களைக் குப்பையிலோ மரத்தடியிலோ போடுதல் தகாது, மண்ணில் புதைத்துவிடலாம். பழைய குருத்தோலையைப் பங்கில் சேர்த்தால் சாம்பல் புதனுக்குப் பயன்படும்.

தாயத்து அன்று

ஓர் எச்சரிக்கையும் தேவை. சுரூபம் தீங்கை விரட்டும் தாயத்து அன்று. திருவுருவத்திற்குச் செய்யும் வணக்கம் அது குறிக்கும் ஆளையே சேருகிறது என்று 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் போதித்தது. செபிக்காத வீட்டில் பீடம் வெறும் அலங்காரப் பொருளே. இரவு உணவுக்கு முன் பத்து நிமிடம் போதும்: ஒரு நற்செய்திப் பகுதி, செபமாலையில் ஒரு பத்து மணி, நோயாளிகளுக்காகவும் அண்டை வீட்டாருக்காகவும் ஒரு மன்றாட்டு, பெற்றோர் பிள்ளைகளின் நெற்றியில் இடும் சிலுவை அடையாளம்.

மாலை வேளையில் மயிலையின் இந்துச் சகோதரர் இல்லங்களில் பூசையறை விளக்கு தவறாது ஏற்றப்படுவதைக் காண்கிறோம். அவர்களுடைய பக்தி நமக்கு நாணம் தருவதாக இருத்தலாகாது. ஊக்கம் தருவதாக இருக்கட்டும். இன்றிரவு நம் இல்லத்திலும் ஒரு திரி எரியட்டும். அதன் முன் முழந்தாளிடுமுன், நாம் பேசாமல் விட்டவர் யாரேனும் உண்டா என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக.