தடைபடலாகாத மருந்து

திங்களுக்கொரு முறை மாத்திரை வாங்க மருத்துவமனைக்குச் செல்லும் கூலித்தொழிலாளி ஒருவரை எண்ணிப்பாருங்கள். முப்பது நாட்களுக்குரிய மருந்தை எதிர்பார்த்து நிற்கும் அவரிடம் ஐந்து நாட்களுக்குரியதை மட்டும் கொடுத்து, "அடுத்த வாரம் வாருங்கள்" என்கின்றனர். மீண்டும் வருவதெனில் பேருந்துக் கட்டணம் ஒருபுறம், ஒரு நாட் கூலியின் இழப்பு மறுபுறம். "அடிக்கடி எங்கே போகிறாய்?" என்று கேட்கும் முதலாளிக்கு அவர் என்ன விடை கூறுவார்? தமக்கு எச்.ஐ.வி. உண்டென்பதை மனைவியன்றி வேறெவருக்கும் அவர் சொன்னதில்லை.

இது வெறுங் கற்பனையன்று. 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டின் பல மாநிலங்களில் நோயாளிகள் இந்நிலைக்கு ஆளாயினர். டோலுடெக்ராவிர் போன்ற மருந்துகளுக்கும், குழந்தைகளுக்குரிய சில மருந்துகளுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. ஜூலைத் திங்களில் புதுதில்லியில், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் அலுவலகத்திலேயே நோயாளிகள் நாட்கணக்கில் அமர்ந்து போராடினர். நாட்டில் போதிய கையிருப்பு உண்டு என்றது அரசு. ஆனால், கிடங்கில் இருக்கும் மருந்து நோயாளியின் கையில் இருக்கும் மருந்தாகாதே! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

உலகின் ஏழை நாடுகளுக்கு இம்மருந்துகளைப் பெருமளவில் செய்தனுப்புவது இந்தியாவே. 2004 ஏப்ரல் முதல் அரசு இதனை இலவசமாக வழங்கி வருகின்றது. சென்னையை அடுத்த தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனை அதன் முதல் மையங்களுள் ஒன்று. இத்தகைய நாட்டிலேயே தட்டுப்பாடு நேர்ந்தது வேதனைக்குரியது.

சில நாட்கள் மருந்து நின்றால் என்ன என்று சிலர் கேட்கலாம். இம்மருந்து கிருமியை அடக்கி வைக்கிறதேயன்றி, அடியோடு அழிப்பதில்லை. சில உயிரணுக்களுக்குள் அது உறங்கிக் கிடக்கிறது. மருந்து நின்றதும் விழித்துப் பெருகுகிறது. குருதியில் மருந்து குறைவாக உள்ள வேளையில் பெருகும் கிருமி, அம்மருந்தையே எதிர்த்து நிற்கப் பழகிவிடக்கூடும். பின்னர் அதே மாத்திரையை எவ்வளவு ஒழுங்காக உட்கொண்டாலும் பயன் குன்றும். மாற்று மருந்துகளோ விலை மிக்கவை. காசநோய் போன்ற பிற நோய்களும் உடலில் எளிதில் புகுந்துவிடும். ஒழுங்காக மருந்து உட்கொண்டு, சோதனையில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் வழி நோய் பிறருக்குப் பரவுவதில்லை. மருந்து தடைபட்டால் அவர் துணைக்கும் அப்பாதுகாப்பு இல்லாமற்போகிறது. கருவுற்ற தாயானால் குழந்தைக்கும் ஆபத்து.

ஆதலால், மருந்து கிட்டாதபோது நோயாளி தாமாக ஒன்றை நிறுத்தி மற்றொன்றை மட்டும் உண்பதும், ஒரு மாத்திரையை இரண்டு நாட்களுக்குப் பகிர்வதும் தகாது. உடனே சிகிச்சை மையத்து மருத்துவரிடம் கூறி, மாற்று வழி கேட்க வேண்டும். 1097 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். கையிருப்பு தீருமுன்னரே மருந்து வாங்கச் செல்வது நலம்.

மற்றவர்களாகிய நமக்கும் கடமை உண்டு. நம் பங்கிலும் இத்தகைய குடும்பங்கள் இருக்கக்கூடும். நாம் அறியாமலிருப்பது, அவர்கள் நமக்கு அஞ்சுவதனாலேயே. ஒருவர் தம் நோயை நம்பிச் சொன்னால், அதனை நம் வாயினின்று வெளிவிடாதிருப்போம். மீண்டுமொரு முறை மருத்துவமனைக்குச் செல்ல அவருக்குப் பேருந்துக் கட்டணம் தேவைப்பட்டால், காரணம் கேளாமல் கொடுப்போம். அச்சிறு தொகை ஓர் உயிரைக் காக்கக்கூடும்.