தெருமுனைக் கேமராவில் எரிகல்

கடந்த டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஓடி வந்தான். "சார், எங்கப்பா கடை கேமராவுல வானத்துல இருந்து ஏதோ எரிஞ்சுக்கிட்டே விழுந்துச்சு சார்!" ஒத்தக்கடையில் அவர்களுக்கு ஹார்டுவேர் கடை. அரையாண்டுத் தேர்வு நெருக்கடியில், "அப்புறம் பார்க்கலாம்டா" என்று சொல்லிவிட்டேன். விடுமுறை முடிந்து ஜனவரியில் கடைக்குப் போனபோது அவன் அப்பா, "பதினஞ்சு நாளைக்கு மேல நிக்காது சார், பழசு மேலயே புதுசு பதிஞ்சிரும்" என்றார். போனது போனதுதான். அந்த மாணவனின் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 2018 ஜூன் 2 அன்று, அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள தொலைநோக்கி ஒரு சிறுகோளைக் கண்டது. சில மணி நேரத்தில் அது ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா நாட்டின் மேல் எரிந்தது. கற்கள் எங்கே விழுந்திருக்கும் என்பதைக் கணிக்க, பீட்டர் ஜென்னிஸ்கன்ஸ் என்ற விஞ்ஞானியும் போட்ஸ்வானா ஆய்வாளர்களும் ஊர் ஊராகப் போய்ப் பாதுகாப்புக் கேமராப் பதிவுகளைத் திரட்டினர். ஜூன் 23 அன்று கலஹாரி வனவிலங்குக் காப்பகத்தில் முதல் கல் கிடைத்தது. எடை ஏறத்தாழ 18 கிராம்தான். ஒரு புளியங்கொட்டைக் குவியல் அளவு கல்லை அத்தனை பெரிய காட்டில் கண்டெடுக்கக் கடைத்தெருக் கேமராக்களும் உதவின.

நம் பக்கத்திலும் விண்கல் விழுந்திருக்கிறது. 1857 பிப்ரவரி 28 அன்று அப்போதைய மதுரை மாவட்டத்தில் விழுந்த இரண்டு கற்கள் உலக விண்கல் பட்டியலில் 'பர்னல்லி' என்ற பெயரில் உள்ளன. மொத்த எடை சுமார் 77 கிலோ. பட்டியல் தரும் 9°14' வடக்கு, 78°21' கிழக்கு என்ற அளவை வரைபடத்தில் வைத்தால் கமுதிக்குத் தெற்கே போய் நிற்கும். பெருநாழி என்ற பெயரைத்தான் வெள்ளைக்காரர் இப்படி எழுதியிருப்பார் என்பது என் ஊகம். ஆறாம் வகுப்பில் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு நடத்தும்போது இந்த எண்களைக் கொடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் அட்லஸை விடமாட்டார்கள்.

கேமரா எப்படி உதவுகிறது? ஒரு கேமரா திசையை மட்டுமே காட்டும், தொலைவு தெரியாது. இரண்டு ஊர்க் கேமராக்கள் ஒரே எரிகல்லைப் பதிந்திருந்தால் பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நேர்கோட்டில் சுமார் 50 கி.மீ. எரிகல் திண்டுக்கல்லில் நேர் உச்சியிலும், மதுரையிலிருந்து திண்டுக்கல் திசையில் 53° ஏற்றக் கோணத்திலும் தெரிந்ததாக வைத்துக்கொள்வோம். உயரம் = 50 × tan 53°, அதாவது ஏறக்குறைய 66 கி.மீ. கோணம் ஒரு பாகை பிசகினால் உயரம் சுமார் 2.4 கி.மீ. மாறிவிடும். அதனால்தான் இரண்டு கேமராக்களுக்கு மேல் எத்தனை கிடைத்தாலும் நல்லது.

திரையில் அளவுகோலை வைத்துக் கோணம் அளக்கக் கூடாது. இந்தக் கேமராக்களின் அகன்ற லென்ஸ் ஓரங்களை வளைத்துக் காட்டும். பதிவில் ஒளி தோன்றிய இடமும் மறைந்த இடமும் எந்த மாடிச் சுவரை, எந்தக் கம்பத்தை ஒட்டி இருந்தன என்று குறித்துக்கொண்டு, கேமரா இருக்கும் இடத்திலேயே நின்று, பாகைமானியில் நூலும் கல்லும் கட்டி அளக்க வேண்டும். திசைகாட்டியை ஹார்டுவேர் கடையில் நம்பாதீர்கள், இரும்பு இழுத்துவிடும். நாங்கள் யானைமலையின் முனையை வரைபடத்தில் பார்த்து அதிலிருந்து திசையைக் கணக்கிட்டோம்.

கடிகாரம் இன்னொரு சிக்கல். அந்தக் கடைப் பதிவுப் பெட்டியின் நேரம் ஆறு நிமிடம் முந்தியிருந்தது. நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை என்று பூமி சுழல்வதால், நட்சத்திரங்களை வைத்துத் திசை பார்ப்பவருக்கு இது ஒன்றரைப் பாகைப் பிழை. ஆகவே பதிவைப் பார்த்தவுடன் பிரதி எடுங்கள். பெட்டியின் நேரத்தையும் கைப்பேசி நேரத்தையும் ஒரே படத்தில் எடுத்து வையுங்கள். உரிமையாளரின் அனுமதி கேட்க வேண்டும். தெருவில் போகிறவர்கள் முகம் தெரியும் பதிவைப் பிள்ளைகள் பரப்பக் கூடாது.

எரிவதெல்லாம் விண்கல் அல்ல. 2022 ஏப்ரல் 2 அன்று மகாராஷ்டிர வானில் பலர் படம்பிடித்தது சீன ராக்கெட்டின் மிச்சம். சந்திரபூர் மாவட்டத்தில் உலோக வளையம் விழுந்தது. ராக்கெட் துண்டுகள் மெதுவாக, அரை நிமிடத்துக்கும் மேலாகக் கூட நகரும். எரிகல் பெரும்பாலும் சில விநாடிகளில் முடிந்துவிடும். கேமரா விநாடிக்கு 15 படம் எடுப்பதானால் படங்களை எண்ணியே நேரத்தைச் சொல்லிவிடலாம். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கே இது வகுத்தல் கணக்கு.

கருகிய மெல்லிய ஓடு போர்த்த, கனமான கல் கிடைத்தால் காந்தத்தை வைத்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள்; கல்லுக்குள் பதிந்திருக்கும் பழைய காந்தத் தடயம் அழிந்துவிடும். கிடந்த இடத்தைப் படம் எடுத்து, சுத்தமான பையில் போட்டு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவியுங்கள்.

இப்போது அந்த மாணவனிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. ஒத்தக்கடையில் வானம் தெரியும்படி உள்ள கேமராக்கள், ஒவ்வொன்றின் கடிகாரப் பிழை, எத்தனை நாள் பதிவு நிற்கும் என்று எழுதி வருகிறான். இதுவரை பதினொன்று. பெரும்பாலானவை தரையைத்தான் பார்க்கின்றன. டிசம்பர் 13, 14இல் ஜெமினிட் எரிகல் பொழிவு வரும். மேலூரிலும் திருமங்கலத்திலும் உள்ள ஆசிரிய நண்பர்களிடம் இதேபோல் ஒரு நோட்டு போடச் சொல்லியிருக்கிறேன்.