டில்லியில் சம்பந்தி வீடு

தலைநகரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் கலியாணப் பேச்சு எழுந்தால், ஜாதகத்துக்கும் முகூர்த்த நாளுக்கும் முன்னதாக இப்பொழுது வேறொரு செய்தி வந்து நிற்கின்றது. பிள்ளை ஒரு பஞ்சாபிப் பெண்ணை விரும்புகின்றான். அல்லது பெண் ஒரு வங்காளத்துப் பையனைத் தேர்ந்துவிட்டாள். சம்மதிப்பதா, மறுப்பதா என்பது அந்தந்த வீட்டார் பொறுப்பு. அதில் நாம் தலையிடப் போவதில்லை. சம்மதித்த பிறகு எழுகின்ற இரண்டாவது கேள்வி ஒன்று உண்டு. "இனி அவர்களுக்கு நாம் என்ன முறை ஆவோம்?" என்பதே அது. அதைப் பற்றி வாசக அன்பர்களுடன் சிறிது பேச விரும்புகின்றோம்.

தமிழில் முறை என்பது பெரும்பாலும் கலியாணத்தால் வருவதன்று. கலியாணத்துக்கு முன்பே வந்து காத்திருப்பது. தாயின் உடன்பிறந்தவன் மாமன். மணமான பின் மனைவியின் தந்தையும் மாமன். தந்தையின் உடன்பிறந்தவள் அத்தை. பல குடும்பங்களில் மனைவியின் தாயும் அத்தையே. மகனுடைய மனைவி மருமகள். ஓர் ஆடவனுக்குத் தன் தமக்கையின் மகளும் மருமகள். மாமன் மகளும் அத்தை மகளும் உரிமைப் பெண்களாக இருந்த சமூகங்களில் சொல்லும் அதற்கேற்பவே அமைந்துவிட்டது. சிற்றப்பன் பெரியப்பன் மக்களோ உடன்பிறந்தார்; அங்கே மணப்பேச்சுக்கு இடமே இல்லை.

இந்த அமைப்பு நமக்குக் காற்றைப் போலப் பழகிவிட்டது. ஆதலின் அதன் அருமையை அயலார்தாம் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. லூயி மார்கன் என்னும் அமெரிக்க வழக்கறிஞர் உலகின் பல இனத்தாருடைய உறவுப் பெயர்களைத் திரட்டி 1871-இல் ஒரு பெரு நூல் வெளியிட்டார். தம் நாட்டுச் செவ்விந்தியரான செனிக்கா மக்களின் முறைப்பெயர்களும் நம் தமிழ் முறைப்பெயர்களும் ஒரே வகுப்பாக அமைந்திருப்பதைக் கண்டு அவர் வியந்தார். இதனால் அம்மக்கள் ஆசியாவிலிருந்து சென்றவரே என்று அவர் துணிந்ததைப் பின்வந்த அறிஞர்கள் ஒப்பவில்லை. ஆயினும் மாமன், அத்தை என்ற இரண்டு சொற்கள் அவரை இவ்வளவு தொலைவு இழுத்துச் சென்றதே!

வடக்கே கணக்கு வேறு. இந்தியில் தாயின் சகோதரன் 'மாமா'. மனைவியின் தந்தை 'சசுர்'. அத்தையின் கணவர் 'பூஃபா'. தாயின் தங்கையை மணந்தவர் 'மௌசா'. ஆளுக்கொரு சொல். மாமன் மகனும் சகோதரன், அத்தை மகனும் சகோதரன். டில்லியைச் சூழ்ந்த கிராமங்களில் பல சமூகத்தார் தந்தை வழி, தாய் வழி, பாட்டி வழிக் கோத்திரங்களையும் சொந்த ஊரையும் விலக்கிய பிறகே பெண் தேடப் புறப்படுவர். அத்தகைய ஊரிலிருந்து வந்த நண்பரிடம், "இவள் என் மாமன் மகள்; என் மனைவியும் இவளே" என்று நாம் அறிமுகம் செய்தால் அவர் திடுக்கிடுவதில் வியப்பில்லை. நம் அலுவலகத்தில் ஒரு அன்பர் இவ்வாறு அறிமுகம் செய்துவிட்டு, ஒரு பிற்பகல் முழுவதும் விளக்கம் கூற நேர்ந்ததை நாமே கண்டிருக்கிறோம். 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் இரு சாராரையும் மனத்திற்கொண்டே இயற்றப்பட்டது. உடன்பிறந்தார் மக்கள் தம்முள் மணப்பதை அது விலக்கப்பட்ட உறவில் சேர்த்தது. கூடவே, இருவருடைய வழக்கமும் இடங்கொடுத்தால் தடையில்லை என்றும் சொல்லிவைத்தது.

ஆகவே வேற்று மொழிக் குடும்பத்தில் சம்பந்தம் செய்யும்போது தமிழன் இழப்பது ஒன்று உண்டு. காத்திருக்கும் முறை அங்கே இல்லை. எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து கட்டவேண்டும். வடநாட்டாருக்கோ ஒவ்வொரு கலியாணமும் அந்நியரோடுதான். அதனால் அந்நியரை உறவாக்கும் சடங்குகளில் அவர்கள் நம்மிலும் கைதேர்ந்தவர்கள். பஞ்சாபிக் கலியாணங்களில் 'மில்னி' என்று ஒன்று நடக்கும். மாப்பிள்ளை ஊர்வலம் வாசலுக்கு வந்ததும் இரு வீட்டாரும் எதிரெதிரே நிற்பர். தந்தைக்குத் தந்தை, மாமனுக்கு மாமன், சிற்றப்பனுக்குச் சிற்றப்பன் என்று பெயர் கூப்பிட, ஒவ்வொருவரும் முன்வந்து மாலையிட்டுத் தழுவிக்கொள்வர். சில வேளைகளில் ஒருவர் மற்றவரைத் தூக்கியும் விடுவர். நம்மவர், அதிலும் பஞ்சகச்சத்தோடு நிற்கும் பெரியவர், காலிரண்டும் தரையை விட்டு எழும்பும்போது முகத்தில் காட்டும் கலக்கம் பார்க்கத்தக்கது. ஆனால் அதனை வெறும் ஆரவாரம் என்று ஒதுக்குவோர் பொருளை விட்டுவிடுகிறார்கள். "என் வீட்டில் நீ நிற்கும் இடத்தில் உன் வீட்டில் நான் நிற்கிறேன்" என்பதை ஊரறியச் சொல்லும் முறை அது. இதற்கு நிகராக நம்மிடம் சம்பந்தி மரியாதை உண்டு. ஆனால் அது தாம்பாளத்தோடு நின்றுவிடுகிறது.

நம்மிடம் வேறொரு செல்வம் இருக்கிறது. மனைவியின் சகோதரனை இந்தியில் 'சாலா' என்பர். அச்சொல் முறையைக் குறிப்பதோடு நிற்காமல், டில்லித் தெருக்களில் வசைச் சொல்லாகவும் வழங்குவதை நம் குழந்தைகள்கூட அறிவார்கள். பெண் கொடுத்த வீடு ஒரு படி தாழ்ந்தது என்ற பழைய எண்ணத்தின் தழும்பு அது. தமிழில் அதே உறவினன் 'மச்சான்'. உறவே இல்லாத தோழனையும் அப்படித்தான் தோளில் கைபோட்டு அழைக்கிறோம். பெண் கொடுத்தவனும் கொண்டவனும் சமம் என்ற நினைப்பு அச்சொல்லில் இருக்கிறது. வரதட்சணைக் கொடுமை நம்மிடமும் புகுந்து அந்தச் சமத்துவத்தை அரித்துவிட்டது என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் வடநாட்டுச் சம்பந்தம் கொள்ளும் தமிழர் தம்முடன் எடுத்துச் செல்லவேண்டிய பொருள்களில் வெள்ளிப் பாத்திரத்தைக் காட்டிலும் இதுவே மேலானது என்பது நம் கருத்து.

இரு பக்கத்துக்கும் பொதுவான சொல் ஒன்றும் இருக்கிறது. நாம் 'சம்பந்தி' என்கிறோம், இந்தியில் 'சம்தி'. இரண்டும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. குஜராத்தியர் 'வேவாயி' என்பர். வங்காளியர் 'பேயாயி' என்பர். தெலுங்கர் 'வியங்குடு' என்பர். ஸ்பானிய மொழியிலும் இவ்வுறவுக்குத் தனிச்சொல் உண்டு. ஆங்கிலத்தில் கிடையாது. மணமக்கள் இருவருக்கு மட்டும் உரியதன்று கலியாணம், பெற்றோர்களுக்கிடையிலும் ஒரு முறையைப் பிறப்பிக்கிறது என்று கருதிய மக்களே இச்சொல்லை ஆக்கிக்கொண்டார்கள்.

இந்த முறைக்குத் தலைநகர் கண்ட சிறந்த சான்று ஒன்று உண்டு. மகாத்மா காந்தியும் ராஜாஜியும் சம்பந்திகள். காந்தியடிகளின் கடைசிப் புதல்வர் தேவதாஸ் 1900-இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். 1918-இல் இந்தி கற்பிக்கத் தந்தையாரால் சென்னைக்கு அனுப்பப்பட்டவரும் அவரே. ராஜாஜியின் இளைய புதல்வி லக்ஷ்மியும் அவரும் ஒருவரையொருவர் விரும்பினர். ஒருவர் குஜராத்தி வைசியர். மற்றவர் தமிழ் ஐயங்கார். தந்தையர் இருவரும் கூடி ஒரு நிபந்தனை விதித்தனர். ஐந்தாண்டுக் காலம் இருவரும் பிரிந்திருக்கவேண்டும். அதன் பின்னும் மனம் மாறாதிருந்தால் மணக்கலாம். மனம் மாறவில்லை. 1933-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் பூனா நகரில், தாக்கர்சி அம்மையாரின் 'பர்ணகுடி' இல்லத்தில் திருமணம் நடந்தது. காந்தியடிகள் அதே இல்லத்தில் இருபத்தொரு நாள் உண்ணாவிரதத்தை முடித்து மூன்று வாரங்கூட ஆகவில்லை.

அந்நாளில் இத்திருமணம் எளிதன்று. உயர்ந்ததெனப்பட்ட வருணத்துப் பெண் வேறு வருணத்தானை மணப்பதைச் சாஸ்திரிகள் 'பிரதிலோமம்' என்று கண்டித்தனர். சட்டத்திலும் அத்தகைய மணத்துக்கு உறுதியான இடம் இல்லை. சாதி வேறுபாடு ஒன்றையே காரணமாகக் கொண்டு எந்த இந்துத் திருமணமும் செல்லாததாகாது, முன்பும் செல்லாததாக இருந்ததில்லை என்று பாராளுமன்றம் விதித்தது 1949-இல்தான். காந்தியடிகளே 1920-களில் கலப்பு மணத்தை அவ்வளவாக ஊக்கியவர் அல்லர். பிற்காலத்திலோ, மணமக்களில் ஒருவர் ஹரிஜனராக இருந்தாலன்றித் தம் ஆசி கிடையாது என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டார். இடையிலே தம் வீட்டில் நிகழ்ந்த ஒரு கலியாணம் அவர் மனத்தில் எவ்வளவு வேலை செய்தது என்பதை யார் அளக்க வல்லார்?

சம்பந்திகள் இருவருக்கும் பின்னர் பெரும் பிணக்கு வந்தது. 1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தை ராஜாஜி எதிர்த்தார்; காங்கிரஸை விட்டும் விலகினார். காந்தியடிகள் சிறை புகுந்தார். ராஜாஜி வெளியே நின்றார். நாடே அவரைத் தூற்றிய காலம் அது. ஆனால் 1944-இல் காந்தியடிகள் ஜின்னாவுடன் பேசச் சென்றபோது கையில் கொண்டு சென்றது ராஜாஜி வகுத்துக் கொடுத்த திட்டமே. இதற்குச் சம்பந்தமே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. இருவரும் அதற்கு மேற்பட்டவர்கள். அரசியல் அறுந்த இடத்தில் உறவு அறுந்துவிடவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

தேவதாஸ் 1937 முதல் 1957-இல் மறையும் வரை டில்லியில் 'ஹிந்துஸ்தான் டைம்ஸ்' ஆசிரியராக விளங்கினார். ஆகவே அந்தக் குஜராத்தி-தமிழ்க் குடும்பம் வளர்ந்தது நம் டில்லியிலேதான். லக்ஷ்மி அம்மையார் 1983 வரை வாழ்ந்தார். தாரா, ராஜ்மோகன், ராமச்சந்திரன், கோபாலகிருஷ்ணன் என நான்கு மக்கள். ராஜ்மோகன் காந்தி தம் இரு பாட்டனார் வாழ்க்கையையும் நூல்களாக எழுதினார். கோபாலகிருஷ்ண காந்தி ஐ.ஏ.எஸ். அதிகாரியாகத் தமிழ்நாட்டிலேயே பணியைத் தொடங்கினார். பின்னர் 2004 முதல் 2009 வரை வங்காளத்து ஆளுநராக இருந்தார். தந்தையின் வேர் குஜராத்தில், தாயின் வேர் சேலத்தில், வளர்ந்தது யமுனைக் கரையில். இப்படிப்பட்ட பிள்ளைகள் எந்த ஊருக்கும் சொந்தமாக மாட்டார்கள் என்று அஞ்சும் பெற்றோர் இக்குடும்பத்தைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் நம் போன்ற எளிய குடும்பங்களுக்குத் தொல்லை வேறு வடிவில் வருகிறது. 1954-ஆம் ஆண்டின் விசேஷத் திருமணச் சட்டப்படி மணப்பவர் முப்பது நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்கவேண்டும். அது அலுவலகத்தில் ஒட்டப்படும். டில்லியில் அதனை இரு வீட்டு முகவரிக்கும் அனுப்பிவைக்கும் வழக்கமும் இருந்தது. வீட்டாருக்கு அஞ்சி மணப்பவர்களுக்கு அது ஆபத்தாக முடியும் என்று கண்டு, 2009-இல் டில்லி உயர்நீதிமன்றம் அவ்வழக்கத்தை நிறுத்தியது. சட்டம் இவ்வளவுதான் செய்ய இயலும். மணமக்களைக் கணவன் மனைவி ஆக்கும், சம்பந்தி ஆக்காது.

அதனை ஆக்குவது அழைக்கும் சொல். நம் வீடுகளில் பலர் வடநாட்டுச் சம்பந்தியை 'அங்கிள்' என்றும், சம்பந்தியம்மாளை 'ஆண்ட்டி' என்றும் அழைத்து ஒப்பேற்றிவிடுகிறார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரும் அங்கிள்தானே! முறைச் சொல்லோடு கடமையும் சேர்ந்து வருகிறது. கடமைக்கு அஞ்சுவோர் சொல்லையே தவிர்க்கின்றனர் என்பது நம் ஐயம். 'சம்திஜி' என்று நாம் ஒரு முறை அழைத்தால் போதும். அவர் காய்ச்சலில் படுத்தால் ரசம் கொண்டு போகாமல் இருக்க முடியாது.

குழந்தை பிறந்துவிட்டால் இந்தச் சிக்கலும் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. ஏனெனில் தாயின் உடன்பிறந்தவனுக்குத் தமிழிலும் இந்தியிலும் பஞ்சாபியிலும் குஜராத்தியிலும் வங்காளியிலும் ஒரே பெயர்: மாமா. நம் வீட்டில் காது குத்தும்போது குழந்தை மாமன் மடியில் அமர்கிறது. பஞ்சாபிக் கலியாணத்தில் மணப்பெண்ணின் கையில் சிவப்பு 'சூடா' வளையல்களை அணிவிப்பவனும் மாமனே. உத்தரப் பிரதேசத்திலும் ஹரியானாவிலும் கலியாணத்துக்கு மாமன் கொண்டுவரும் சீருக்கு 'பாத்' என்று பெயர். தாய்மாமன் சீர் என்றால் இன்னதென்று நாம் அவர்களுக்கு விளக்கவே வேண்டுவதில்லை.

இவ்வாண்டு நமக்குத் தெரிந்த ஒரு தமிழ் இளைஞரின் குழந்தைக்கு வைத்தீசுவரன் கோவிலில் காது குத்த ஏற்பாடாகியிருக்கிறது. தாய் லூதியானாப் பெண். ஆகவே மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவர் லூதியானா மாமா. பேத்தியின் மொட்டைக்குச் சந்தனம் அரைக்க அந்த வீட்டுப் பாட்டியும் கூடப் புறப்படுகிறாராம். ரயில்வே பாஸ் விதிகளில் மனைவி மக்களுக்கு இடம் உண்டு, சம்பந்திக்கு இல்லை. ஆகையால் அவர்கள் டிக்கெட் வாங்கியே வரவேண்டும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும் பயணம். அதன்பின் சென்னையிலிருந்து வேறு வண்டி. முன்பதிவு அறுபது நாள் முன்னதாகத் தொடங்கும். பாட்டியம்மாளுக்குக் கீழ்ப் படுக்கை வேண்டும் என்று முதல் நாளே விண்ணப்பிக்கும்படி அந்த இளைஞரிடம் சொல்லியிருக்கிறோம்.